தூசி தாங்கும் திரை

ஆனி மாதம் பிறந்து மேல்காற்று எழுந்த பிறகு, இராஜபாளையத்து இல்லங்களில் தூசி துடைப்பதென்பது வாரத்திற்கு ஒரு நாள் செய்யும் வேலை என்ற நிலையிலிருந்து உயர்ந்து நித்திய கருமங்களுள் ஒன்றாகிவிடுகிறது. மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கரிசல் பூமியுமாக அமைந்த இவ்வூரில், மலையிடுக்குகளின் வழியே இறங்கி வரும் காற்று தெருப்புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. ஆலைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் அண்மையிலுள்ள வீடுகளிலோ, அப்புழுதியோடு பஞ்சின் நுண்ணிய துகளும் கலந்து, ஊதினால் பறந்துவிடும் சாமானியத் தூசியாக இராமல், நார்நாராகப் பின்னிக்கொண்டு படிந்துவிடுகிறது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலந்தொட்டுப் பஞ்சினால் வளர்ந்த ஊர் இது. பஞ்சு தந்த செல்வத்தை ஏற்றுக்கொண்டவர்கள் பஞ்சு தரும் தூசியை மட்டும் வேண்டாமென்று சொல்வதற்கு நியாயமில்லை.

இத்தூசி மிகுதியாகக் குடிபுகும் இடம் சன்னல் திரை. முன்னாளில் தாழ்வாரங்களில் மூங்கில் தட்டிகளும், வேனிற்காலத்தில் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டிகளும் தொங்கிய இடங்களில், இன்று அலுமினியத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன பட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் அவற்றைப் பிளைண்ட்ஸ் என்றே அழைக்கின்றனர். கயிற்றை ஒரு பக்கம் இழுத்தால் பட்டைகள் படுத்து வெளிச்சத்தை உள்ளே விடும். மறுபக்கம் இழுத்தால் நிமிர்ந்து நின்று மறைக்கும். நல்ல உபாயம்தான். ஆயினும், படுத்த நிலையிலுள்ள ஒவ்வொரு பட்டையும் தூசிக்கு ஒரு திண்ணையாக அமைந்துவிடுவதால், ஒரு சன்னலைத் துடைப்பது பல சன்னல்களைத் துடைப்பதற்குச் சமமாகிவிடுகிறது. பழகிய கைகள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கின்றன. பட்டைகளை முதலில் ஒரு பக்கமாக மூடி, மேலிருந்து கீழாக உலர்ந்த துணியால் துடைத்து, பிறகே ஈரத்துணியைத் தொட வேண்டும். ஆத்திரப்பட்டு முதலிலேயே நீரைத் தொட்டால் தூசி சேறாகி, துடைக்கத் துடைக்கப் பரவும். பின்னர்ப் பட்டைகளை மறுபுறம் திருப்பி முன்போலவே செய்ய வேண்டும். மரப்பட்டையானால் ஈரமே ஆகாது. இவ்வளவும் செய்து முடித்து நிமிர்ந்தவர், அடுத்த வாரம் அதே பட்டையின்மீது விரலை வைத்துப் பார்த்தால் அதே சாம்பல் நிறம் விரலில் ஒட்டுகிறது.

அப்படியானால் இச்செயலுக்குப் பிரயோஜனம் யாது என்ற வினா எழுவது இயல்பே. நாளை மீண்டும் அழுக்காகப் போவதை இன்று சுத்தம் செய்வது ஏன் என்ற இவ்வினாவை இல்லத்தரசிகள் சலிப்பினால் கேட்கிறார்கள். ஞானிகளோ இதையே ஆன்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அழுக்கு என்பது பொருளுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டியதா, பொருளோடு உடன்பிறந்ததா? துடைக்கப்படுவது எது? துடைப்பது எது? துடைத்த பின்னர் அவ்வழுக்கு எங்கே போகிறது? முதல் மூன்று வினாக்களுக்கு விடை கூறியவர்கள் பலர். இறுதி வினாவை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. என் அபிப்பிராயத்தில், சமயத்தின் சாரம் முழுவதும் அந்த இறுதி வினாவிலேதான் தங்கியிருக்கிறது.

காஞ்சியிலிருந்து சென்றவரென்று தமிழர் போற்றும் போதிதருமரின் வழிவந்த சீனத்து மடம் ஒன்றில், ஏழாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாக ஒரு கதை வழங்குகிறது. ஐந்தாம் ஆசாரியராகிய ஹொங்ரென் தமக்குப் பின் மடத்திற்குரியவர் யார் என்று அறிய விரும்பி, மாணாக்கர் தத்தம் அனுபவத்தைச் செய்யுளாக எழுதித் தருமாறு பணித்தாராம். முதல் மாணாக்கராகிய ஷென்ஷியு, மனம் ஒரு கண்ணாடி போன்றதென்றும், தூசி படியாதவாறு அதை இடைவிடாது துடைத்து வர வேண்டுமென்றும் பொருள்பட எழுதினார். எழுத்தறியாதவரும் மடத்தில் நெல் குத்தும் பணியில் இருந்தவருமான ஹுய்நெங், கண்ணாடியே இல்லாதபோது தூசி படிவதற்கு இடமேது என்னும் கருத்துப்படப் பிறரைக் கொண்டு எழுதச் செய்தார். ஆசாரியருடைய அங்கியும் அவருக்கே போயிற்று. நம் நாட்டு அத்வைதிகள் இக்கதையைக் கேட்டால் மிகவும் மகிழ்வார்கள். எனக்கு அதில் ஒரு சிறு விசேஷம் தோன்றுவதுண்டு: தூசி என்பதே இல்லை என்று சொன்னவர், மடத்திலிருந்த அத்தனை பேருள்ளும், பகலெல்லாம் உமியிலும் தவிட்டிலும் நின்று உழைத்த மனிதர். தூசியைக் கையால் தொட்டறியாத ஒருவர் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அதற்கு அந்த அதிகாரம் வந்திராது.

தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்திகள் இவ்விருவர் வழியிலும் செல்லவில்லை. பதிமூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தொடங்கி வைத்த அம்மரபு, ஆன்மாவின் மூல அழுக்காகிய ஆணவத்தை நேற்று வந்து படிந்த தூசியாகக் கருதுவதில்லை. செம்பில் களிம்புபோல் அநாதியாகவே உடனிருப்பது என்று கூறுகிறது. என்றோ ஒரு நாள் சுத்தமாக இருந்த உயிர் பின்னர் அழுக்கடைந்தது என்ற சோகக் கதைக்கு அங்கே இடமில்லை. இது கடுமையான சித்தாந்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கோ இதில் பெரிய ஆறுதல் இருப்பதாகவே படுகிறது. இழந்துவிட்ட பரிசுத்தத்தை நினைத்து ஏங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை, இனி ஆக வேண்டிய வேலையே உள்ளது.

அவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்கு, மெய்கண்டாரின் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஒரு விளக்கம் தருகிறார். உடலும் கருவிகளும் உலகமும் மாயையின் காரியங்கள். மாயையும் மலங்களுள் ஒன்று. அவ்வாறிருக்க, ஒரு மலத்தைக் கொண்டு இன்னொரு மலத்தை இறைவன் போக்குகிறான் என்பது எங்ஙனம் பொருந்தும் என்ற ஆட்சேபத்தை எழுப்பிக்கொண்டு, அழுக்கேறிய ஆடையில் சாணத்தையும் உவர்மண்ணையும் ஏற்றி வெளுப்பவரின் தொழிலை அவர் எடுத்துக்காட்டுகிறார். வெளுக்க வேண்டிய துணியின்மேல் சாணத்தைப் பூசுவதைப் பார்க்கும் அறியாதவன், இருந்த அழுக்கு போதாதென்று மேலும் அழுக்காக்குகிறாரே என்று எண்ணுவான். பூசியது அழுக்கே என்பது வாஸ்தவம். ஆனால் அந்த அழுக்குத்தான் ஆடையிலிருந்த பழைய அழுக்கைப் பற்றிக்கொண்டு தானும் வெளியேறுகிறது.

இராஜபாளையத்துத் திரையில் இத்தத்துவத்தைக் கண்கூடாகக் காணலாம். பட்டையில் படிந்திருப்பது பஞ்சு; அதைத் துடைக்க எடுப்பதும் பஞ்சினால் நெய்து, உடுத்திக் கிழிந்த பழந்துணி. ஊருக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உள்ள தறிகளில், மருத்துவமனைகளில் காயத்திற்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்யப்படுகின்றன. நெய்த துணியை வெளுத்து, நீரை உறிஞ்சும் பக்குவத்திற்குக் கொண்டுவந்து, வெட்டி மடித்து அனுப்புகிறார்கள். அத்துணியின் பயன் அனைத்தும் எதிலே அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், உறிஞ்சுவதில்தான் என்பது தெரியும். புண்ணிலிருந்து வடியும் குருதியையும் சீழையும் தன்மேல் ஏற்றுக்கொள்ளாமல், பெட்டிக்குள் வெண்மை மாறாமலேயே இருந்துவிட்ட கட்டுத்துணி ஒருவருக்கும் உதவாதது.

சித்தாந்த நூல்களில் இன்னொரு நுட்பம் உண்டு. பலர் அதை அவசரமாகப் படித்துச் சென்றுவிடுகிறார்கள். இறைவனுடைய ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. படைத்தல், காத்தல், அழித்தல் இவற்றையடுத்து அருளலுக்கு முன்னே அது நிற்கிறது. பக்குவம் அடையாத உயிருக்கு உண்மை முழுவதையும் திடீரென்று திறந்து காட்டினால் அது தாங்காது என்பதால், அதை மறைத்து வைத்து உலக அனுபவங்களில் உழலவிட்டுப் பக்குவப்படுத்தும் சக்திக்குத் திரோதான சக்தி என்று பெயர். அது அருளின் மற்றொரு முகமே. நடுப்பகலில் சன்னல் திரையை இறக்கும் தாய், உறங்கும் குழந்தைக்குச் சூரியனைப் பகையாக்கிவிடவில்லை அல்லவா? ஆனால் வியப்பு என்னவெனில், மலங்களை ஐந்து என்று விரித்து எண்ணும்போது, ஆணவம், கன்மம், மாயை, மாயேயம் ஆகியவற்றோடு இந்தத் திரோதான சக்தியையும் மலம் என்றே சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். அது மலமாகாது, சாக்ஷாத் இறைவனுடைய சக்தியே. மலங்களோடு உடன் நின்று அவற்றைத் தொழிற்படுத்துவதால் மலம் என்று உபசாரமாகப் பெயர் பெற்றது என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். அழுக்கைப் போக்குவதற்காக அழுக்கோடு போய் நின்ற அருளுக்கும் அழுக்கு என்ற பெயர் வந்துவிட்டது. தெய்வத்திற்கே இக்கதி நேருமானால், மனிதரைப் பற்றிச் சொல்வானேன்!

திரையை அறவே விலக்குவதுதான் ஞானம் என்று கருதுவோரும் உளர். வடலூரில் இராமலிங்க சுவாமிகள் 1872-இல் நிறுவிய சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு நிறத் திரைகளையும் ஒவ்வொன்றாக நீக்கி ஜோதி தரிசனம் காட்டுகிறார்கள். உன்னதமான ஏற்பாடுதான். ஆயினும், தரிசனம் முடிந்த மறுகணம் அத்திரைகள் குப்பைக்குப் போவதில்லை, மீண்டும் தொங்குகின்றன. திரை உள்ளவரையில் அதைப் பேணுவதும் வழிபாட்டின் ஓர் அங்கமாகவே இருந்து வரும்.

பௌத்த நூல்களில் சூளபந்தகன் என்னும் பிக்ஷுவின் சரித்திரம் வருகிறது. நான்கு மாதம் முயன்றும் ஒரே ஒரு செய்யுளை மனனம் செய்ய இயலாத மந்தபுத்தியுடையவன். அவனுடைய தமையனே அவனைச் சங்கத்தைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டான். அழுதுகொண்டு நின்றவனைப் புத்தர் அழைத்து, தூய வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் கொடுத்து, கிழக்கு நோக்கி அமர்ந்து, தூசியைப் போக்குக என்று பொருள்படும் சொல்லை உச்சரித்தவாறே அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்படி சொன்னார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்காயிற்று. தன் கையே அதை அழுக்காக்கியது என்பதையும், தூயது தூயதாகவே நிலைத்திராது என்பதையும் கண்ட மாத்திரத்தில் அவனுக்கு ஞானம் சித்தித்தது. சாஸ்திரம் படித்தவர்களுக்கு ஏடு எவ்வளவு உதவிற்றோ அவ்வளவு அவனுக்கு ஓர் அழுக்குத் துணி உதவிற்று. அழுக்கான பிறகே அது உபதேசம் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இராஜபாளையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். பதினொரு நிலைகளோடு ஓங்கிய வடபத்ரசாயி கோயிலின் கோபுரம் தொலைவிலேயே கண்ணுக்குப் புலப்படும். அழுக்கைப் பற்றிய வினாவுக்கு மிகத் துணிவான விடை, புத்தகத்தில் எழுதப்படாமல் ஒரு சம்பவமாகவே இவ்வூரில் இருந்து வருகிறது. நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்கு நாள்தோறும் மாலை கட்டிச் சாத்தி வந்த பெரியாழ்வார், துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்து வளர்த்த பெண்ணாகிய ஆண்டாள், அம்மாலையைத் தான் முதலில் சூடி, கிணற்று நீரில் தன் நிழலைப் பார்த்து, அழகு பொருந்தியிருக்கிறதா என்று நிச்சயித்துக்கொண்ட பின்னரே கூடையில் திரும்ப வைத்து வந்தாள். கோயிலில் இன்றும் கண்ணாடிக் கிணறு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். ஆழ்வார் அதை ஒரு நாள் கண்டுவிட்டார். பிறர் சூடியது நிர்மாலியமாயிற்றே என்று நடுங்கி, அன்று மாலை சாத்துவதையே நிறுத்திவிட்டார். ஆகமப்படி அவர் செய்தது முற்றிலும் சரி. பெருமாளோ கனவில் தோன்றி, அவள் சூடிக் களைந்த மாலையே தமக்கு உகந்தது என்று சாதித்தார்.

இக்கதையைக் காதலின் பெருமையைச் சொல்லும் கதையாக நாம் கேட்டுப் பழகிவிட்டோம்; சுத்தம், அசுத்தம் என்பவற்றைப் பற்றிய ஒரு நியாயத் தீர்ப்பாகவும் அதைக் கேட்கலாம். ஒருவர் மேனியில் பட்டதனால் பொருள் தாழ்ந்துவிடும் என்ற விதியை, அவ்விதியால் காக்கப்பட வேண்டியவரே தள்ளுபடி செய்துவிட்டார். அத்தீர்ப்பு இன்றும் அமலில் இருக்கிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருமலையப்பனின் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை செல்கிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் அவ்வாறே செல்கிறது.

திருமலையைப் பற்றிச் சொல்லும்போது அங்கு நிகழும் மற்றொரு வைபவத்தையும் சொல்லியாக வேண்டும். யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்கு விசேஷங்களுக்கு முன்னர்க் கோயிலையே நீராட்டுகிறார்கள். கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் என்பது அதற்குப் பெயர். கட்டடத்தையே ஓர் ஆழ்வாராகப் பாவித்து, சுவர், மேல்தளம், பாத்திரம் அனைத்தையும் நீரால் கழுவி, கற்பூரம், சந்தனம், மஞ்சள், கிச்சிலிக்கிழங்கு முதலிய வாசனைப் பொருள்கள் கலந்த குழம்பைச் சுவர்களில் பூசுகிறார்கள். அப்போது மூலவர்மேல் தூசியும் நீரும் படாதவாறு அவரை ஒரு வஸ்திரத்தால் மூடி வைப்பது வழக்கம். அந்த வஸ்திரத்தின் பாக்கியத்தை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எத்தனையோ பட்டாடைகள் பெருமாளுக்கு அலங்காரமாகின்றன. இந்த ஒரு துணியோ அவருக்காகத் தூசியை ஏற்கிறது.

சைவத்திலும் இதற்குக் குறைவில்லை. திருவதிகைக் கோயிலில் விடியற்காலையில் திருவலகினால் பெருக்கி, சாணமிட்டு மெழுகிய திலகவதியாரின் பணியே, சூலை நோயோடு வந்து சேர்ந்த தம்பி நாவுக்கரசராக உயர்வதற்கு வாயிலாயிற்று. அவரும் கையில் உழவாரப் படையோடுதான் ஊர் ஊராகச் சென்று, கோயில்களில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கினார். பாடிய வாய்க்கும் செதுக்கிய கைக்கும் இடையே அவர் பேதம் பாராட்டியதாகத் தெரியவில்லை.

இத்தனை சாட்சியங்களையும் வைத்துக்கொண்டு நம் சமூகம் செய்திருப்பது என்ன? பெருக்குபவரை, வெளுப்பவரை, சாக்கடை எடுப்பவரைத் தொட்டால் தீட்டு என்று விதித்தது. யாருடைய உழைப்பினால் வீதியும் வீடும் ஆடையும் தூய்மை பெற்றனவோ, அவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. சென்னை மாகாணத்தில் 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தே அந்த வாசலை எல்லாருக்கும் திறக்க வேண்டியிருந்தது. சித்தாந்தத்தைக் கற்றவர்கள் பலர் அந்நாளில் வாசலின் உட்புறத்தில் நின்றார்கள் என்பதை நினைத்தால் துக்கமாக இருக்கிறது. மலத்தோடு நின்றதனால் மலம் எனப்பட்ட அருளை உபசார வழக்கு என்று நுட்பமாக விளக்கத் தெரிந்த அவர்களுக்கு, அழுக்கோடு நின்றதனால் அழுக்கெனப்பட்ட மனிதரின் விஷயத்தில் அந்த நுட்பம் கைகொடுக்கவில்லை. ஒன்றிலும் படாமல் ஒதுங்கியிருப்பதைத் தூய்மை என்று கொண்டதே இப்பிழையின் வேர். படாமலிருப்பதற்குப் பேழைக்குள் வைத்துப் பூட்டிய துணியினால்கூட முடியும். அதற்கு ஆன்மா தேவையில்லை.

பஞ்சுத் தூசியும் திரையில் மட்டும் படிவதன்று. உலகத்தின் பல பாகங்களில், பருத்தி ஆலைகளில் நெடுங்காலம் உழைத்தோரின் நுரையீரலிலும் அது படிந்து பைசினோசிஸ் என்னும் நோயை உண்டாக்கியிருக்கிறது. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். நாம் உடுத்தும் வேட்டியின் வெண்மைக்காக யாரோ ஒருவர் தம் மூச்சிலே தூசியைத் தாங்கியிருக்கிறார். திரையைத் துடைத்துவிடலாம், நுரையீரலைத் துடைப்பதற்குத் துணியில்லை. ஆகவே, தூசி மறுபடியும் வருமே, துடைத்து என்ன பயன் என்று கேட்பதைக் காட்டிலும், அது போகும்போது யார்மீது போய்ப் படிகிறது என்று கேட்பதே சமய விசாரணைக்குத் தகுந்த வினா என்று நான் கருதுகிறேன்.

மார்கழி வரப்போகிறது. அதன் இறுதியில் போகியும் வரும். வீடுதோறும் ஒட்டடை அடித்து, சன்னல் திரைகளைக் கழற்றித் துடைப்பார்கள். ஆண்டாளின் மார்கழி நீராட்டுக்கும் எண்ணெய்க்காப்புக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று சேவித்து வரும் ஆண்மக்கள், வீடு திரும்பியதும் ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு ஒரு சன்னலையேனும் தாமே துடைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மற்றச் சன்னல்களைத் துடைத்துக் கொடுத்த வேலைக்காரப் பெண்மணிக்குக் காபி கொடுக்கும்போது, புறக்கடை மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரை விடுத்து, தாம் குடிக்கும் டம்ளரிலேயே கொடுக்க வேண்டும்.